சிவப்பு வட்டு டைமர் வாங்கலாமா? வேன் பிடிக்க ஓடும் வீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

பாதியில் மூடிவிட்டுப் போகிறவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு வயதுக்கு மேல் எட்டு வயதுக்குள் பிள்ளை இருக்கிற வீடு, காலையில் வேனோ பஸ்ஸோ பிடித்தாக வேண்டும், ஏழரை மணிக்குள் உங்கள் தொண்டை கட்டிப்போகிறது என்றால் இந்தச் சிவப்பு வட்டு டைமரை வாங்கலாம். ஆனால் பிள்ளையை வேகப்படுத்தும் என்று நினைத்து வாங்காதீர்கள். சாக்ஸ் மாட்ட நாலு நிமிஷம் எடுக்கிற பையன் டைமர் வந்த பிறகும் நாலு நிமிஷம்தான் எடுப்பான். வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய நேரத்தில் அப்பா அம்மாவை வாயை மூட வைக்கிறது, அதுதான் இதன் வேலை. எங்கள் வீட்டில் அந்த ஒன்றுக்கே கொடுத்த காசு செரித்துவிட்டது.

பார்க்காதவர்களுக்காக: உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சதுர டப்பா. முகப்பில் கடிகாரம் மாதிரி எண்கள், நடுவில் ஒரு குமிழ். குமிழைத் திருகினால் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வட்டு வெளியே விரியும். 15 நிமிஷம் வைத்தால் கால் வட்டம் சிவப்பு, அரைமணி வைத்தால் பாதி, 60 வைத்தால் முழுசும். நேரம் ஓட ஓட சிவப்பு சுருங்கி, பூஜ்யத்துக்கு வந்ததும் காணாமல் போய்விடும். அப்போது பீப் என்று ஒரு சத்தம். பெரிய முள் சின்ன முள் கணக்கெல்லாம் கிடையாது, எவ்வளவு சிவப்பு இருக்கிறதோ அவ்வளவு நேரம் இருக்கிறது.

இதன் அசல் அமெரிக்காவிலிருந்து வந்தது. சின்சினாட்டியில் ஜான் ரோஜர்ஸ் என்கிற ஒரு அம்மா, தன் நாலு வயது மகள் எதற்கெடுத்தாலும் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் 1994-ல் உருவாக்கியது. டைம் டைமர் என்று பெயர். இன்றைக்கு வெளிநாட்டு வகுப்பறைகளில், அதிலும் ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கிற நிலை) உள்ள பிள்ளைகள் படிக்கிற வகுப்புகளில் இது சகஜமாகப் புழங்குகிறது. இங்கே அந்த அசலை வாங்க வேண்டுமென்றால் இறக்குமதி விலை, பார்த்ததும் பக்கத்தை மூடிவிடத் தோன்றும். அதே அச்சில் செய்த நகல்கள் ஆன்லைனில் ஏராளம். நான் வாங்கியதும் நகல்தான், 700 ரூபாய்க்கு உள்ளே. பிராண்டு பெயர் போடவில்லை. ஒரே பொருளைப் பத்துப் பெயரில் விற்கிறார்கள், போட்டாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இருக்காது.

சரி, எங்கள் வீட்டு நிலவரம். திருச்சி. மனைவி நர்ஸ், காலை டியூட்டி வாரங்களில் ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். மிச்சம் நானும் என் அம்மாவும். பெரியவள் இரண்டாம் வகுப்பு, சின்னவன் யூகேஜி. 7.50-க்குத் தெருமுனையில் வேன். வேன் அண்ணன் இரண்டு ஹாரன் அடிப்பார், மூன்றாவது ஹாரன் அடிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவருக்கு இன்னும் ஏழெட்டுத் தெரு பாக்கி இருக்கிறது.

இந்த வயதுப் பிள்ளைகளிடம் "அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும்" என்று சொல்வதில் ஒரு அர்த்தமும் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்தப் பொருள் எதற்கு என்பது புரியும். மணி பார்க்கவே இரண்டாம் மூன்றாம் வகுப்பில்தான் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறார்கள். அதோடு நாம் சொல்கிற அஞ்சு நிமிஷம் என்றைக்காவது அஞ்சு நிமிஷமாக இருந்திருக்கிறதா? டிவியை அணைக்கச் சொல்லும்போது அது ஒரு நிமிஷம், கல்யாண வீட்டில் யாரிடமாவது பேசிக்கொண்டு நின்றால் அதே அஞ்சு நிமிஷம் முக்கால் மணி. இதையெல்லாம் பார்த்து வளர்கிற பிள்ளை நம் அஞ்சு நிமிஷத்தை எப்படி நம்பும். சிவப்பு வட்டு மட்டும் காலையிலும் சாயங்காலமும், அப்பா நல்ல மூடில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே வேகத்தில்தான் சுருங்குகிறது. பிள்ளைகள் அதை நம்புவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இது நன்றாக வேலை செய்கிற இடம் கடைசிக் கட்டம். அதாவது சாப்பிட்டு முடித்ததிலிருந்து வாசல்படி வரைக்கும். 7.35 வாக்கில் சின்னவனைக் கூப்பிட்டு 15-க்குத் திருகச் சொல்வேன். அவனே திருக வேண்டும், இதுதான் முக்கியம். நான் திருகி வைத்த நாட்களில் அது அப்பாவின் டைமர், அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அவன் கையால் திருகினால் அது அவனுடையது. நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு, கோடு 15-ல் சரியாக உட்காருகிறதா என்று கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, கொஞ்சம் தாண்டிவிட்டால் திரும்பக் கொண்டுவந்து வைக்கிற அழகு இருக்கிறதே, அதற்கே ஒரு நிமிஷம் போய்விடும். போகட்டும். அதற்கப்புறம் நான் பேசுவது ஒரே வாக்கியம்: "சிவப்பு எவ்வளவு இருக்கு பாரு." ஷூ போடு, பெல்ட் எங்கே, ஐடி கார்டு மாட்டு, தண்ணி பாட்டில் எடு என்று தனித்தனியாகக் கத்தின காலம் போய்விட்டது. என்னிடம் வாதாடுவான், வட்டிடம் வாதாட முடியாது. "அப்பா, கொஞ்சூண்டுதான் இருக்கு!" என்று அவனே எனக்கு அறிவிப்பு கொடுத்துக்கொண்டு ஒரு காலில் ஷூவோடு ஓடிவருகிறான்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பெரியவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டுகிற வேலை என்னுடையது, இதில் நான் கெட்டிக்காரன் இல்லை. வகிடு ஒருநாள் கிழக்கே போகும், ஒருநாள் மேற்கே போகும். அவள் இப்போது தலையைக் கொடுத்து உட்காருவதற்கு முன்னால் டைமரை எடுத்து 10-ல் வைத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். எனக்கு! "அப்பா, ஒரு பக்கம்தான் முடிஞ்சிருக்கு, பாதி சிவப்பு போயிடுச்சு" என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்வாள். அந்தப் பத்து நிமிஷத்தில் பின்னுகிறவன் நிலை எப்படி இருக்கும் என்பது எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். அதனால்தான் அடுத்து சொல்லப்போகிற விஷயத்தில் எனக்கு இவ்வளவு உறுதி.

சாப்பாட்டுக்கு இதை வைக்காதீர்கள். இந்தப் பொருளை விற்கிற படங்களில் எல்லாம் ஒரு குழந்தை தட்டுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் டைமர் இருக்கும். எங்கள் வீட்டில் அதைச் செய்து பார்த்தபோது சின்னவன் இட்லியை இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தான், விழுங்கவில்லை, அப்புறம் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்து உள்ளே தள்ளினான். அம்மா அடுப்படியிலிருந்தே பார்த்துவிட்டு, "சாப்பிடுற புள்ள பக்கத்துல மணிய வைக்காதடா, சோறு உள்ள இறங்காது" என்றார். டைமர் அன்றைக்கே சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்தது. பாட்டிகள் சொல்வதெல்லாம் சரி என்று சொல்கிற ஆள் நான் இல்லை, ஆனால் இது சரி. அவசரமாக அடைத்துக்கொண்டு சாப்பிடுவது சின்னப் பிள்ளைகளுக்குப் புரையேறுகிற வழி. வயிறு நிறைந்ததை அந்தப் பிள்ளை உணர்வதற்கு முன்பே தட்டு காலியாகியிருக்கும், இல்லையென்றால் பாதித் தட்டோடு எழுந்திருக்கும்.

சாப்பாடு தாமதமாகிறது என்றால் டைமரைவிட மெனுவைத்தான் மாற்ற வேண்டும். வார நாள் காலையில் தோசை கூடாது என்பது என் கட்சி. தோசை நல்ல பொருள்தான், ஆனால் அது ஒவ்வொன்றாக வரும். முதல் தோசை யாருக்கு என்று ஒரு சண்டை, இரண்டாவதுக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஒருவன் எழுந்து பொம்மையிடம் போய்விடுவான், திரும்பக் கூட்டிவந்தால் தோசை ஆறி விறைத்திருக்கும், வேறு வேண்டும் என்பான். இட்லி ஒரு ஈடு எடுத்தால் இருவருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் தட்டில் விழுகிறது. பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசறி, சின்னத் துண்டாக வெட்டி வைத்துவிட்டால் அவர்களே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், சட்னி சீருடையில் சிந்துகிற தொல்லையும் இல்லை. சாப்பிட மனசில்லாத நாளுக்கு ஒரு பூவன் பழம். வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிற ஊரில் இருந்துகொண்டு பழத்துக்குப் பஞ்சம் சொல்லக் கூடாது.

அதேபோல் கழிவறைக்கும் டைமர் வேண்டாம். வேன் ஹாரன் கேட்கும்போதுதான் "அப்பா, ஆய் வருது" என்று நிற்கிற பிள்ளை எல்லார் வீட்டிலும் உண்டு. அது வேண்டுமென்றே செய்வதில்லை. வயிற்றுக்குள் உணவு போனதும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கிறது, இது உடம்பில் எல்லாருக்கும் உள்ள இயல்பு. காலை உணவுக்குப் பின் கொஞ்ச நேரத்தில் அந்த உந்துதல் வருகிறது. அதனால் நேரத்தை அதற்கேற்ற மாதிரி முன்னால் தள்ள வேண்டும். எழுந்ததும் வெதுவெதுப்பாகப் பால், அது இறங்கியதும் கழிவறை, அப்புறம் குளியல் என்று வைத்துக்கொண்டதில் எங்களுக்கு அந்தக் கடைசி நிமிஷப் பிரச்சினை பெருமளவு குறைந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு வெளியே ஒரு டைமர் ஓடிக்கொண்டிருந்தால் அது முழுசாகப் போகாமலே எழுந்து வரும், மலச்சிக்கலுக்கு வேறு வினை வேண்டாம்.

பல் துலக்க மட்டும் வைக்கலாம். இரண்டு நிமிஷம் தேய்க்க வேண்டும் என்றுதான் பல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் 60 நிமிஷ வட்டில் இரண்டு நிமிஷம் என்பது ஒரு மெல்லிய கீற்று, அதைத் துல்லியமாக வைப்பதும் கஷ்டம், சுருங்குவது கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. இதற்கு மணல் கடிகாரம்தான் சரி. சின்ன மணல் கடிகாரம் ஒன்று வாங்கி வாஷ்பேசின் மேல் வைத்திருக்கிறோம், கண்ணாடி இல்லாமல் பிளாஸ்டிக்கில் வருவதைப் பார்த்து வாங்குங்கள். பேஸ்ட் பட்டாணி அளவு போதும், மூன்று வயதுக்குக் கீழே என்றால் அரிசி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை மாதிரி பிதுக்கிக் காட்டுவதைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

இப்போது குறைகளுக்கு வருவோம், நகல் என்றால் குறை இல்லாமல் இருக்காது.

முதலில் வந்த பீஸ் பழுது. ஐந்து நிமிஷம் மிச்சம் இருக்கும்போது வட்டு எங்கோ உரசி நின்றுவிடும். மோட்டார் சத்தம் கேட்கும், சிவப்பு நகராது. பெரியவர்களுக்கு இது ஒரு பழுது, சின்னவனுக்கு அது சட்டப்படி கிடைத்த நேரம். வெளியே வேன் நிற்கிறது, ஹாரன் அடித்தாகிவிட்டது, இவன் நடுக்கூடத்தில் நின்று சிவப்பைக் காட்டி "இன்னும் இருக்குல்ல" என்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டியிருந்தது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்கினோம், மாற்றி வந்தது ஒழுங்காக ஓடுகிறது. வாங்குகிறவர்கள் பெட்டி வந்த அன்றைக்கே ஒரு தடவை முழு 60 நிமிஷமும் ஓட விட்டு, பக்கத்தில் செல்போன் கடிகாரத்தை வைத்து ஒத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிஷம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. நின்று போனாலோ, பூஜ்யத்தில் சத்தம் வராவிட்டாலோ திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது, எண்கள். இந்த டைமரில் பூஜ்யம் உச்சியில், அங்கிருந்து எண்கள் இடப்பக்கமாக ஏறும். சாதாரணக் கடிகாரத்தில் 15 நிமிஷம் வலப்பக்கம் 3-க்கு நேரே, இதில் இடப்பக்கம் 9 இருக்க வேண்டிய இடத்தில். மிச்ச நேரம் கடிகாரச் சுற்றில் குறைய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், காரணம் சரிதான். ஆனால் இப்போதுதான் பள்ளியில் மணி பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிற பெரியவள் வந்த முதல் நாளே "கால் மணி தப்பான பக்கம் இருக்கு" என்று கண்டுபிடித்துவிட்டாள். அது கடிகாரம் இல்லை, நேரத்தை அளக்கிற வேறு கருவி என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. மணி பழகுகிற வயதுப் பிள்ளை இருந்தால் பக்கத்திலேயே ஒரு சாதா முள் கடிகாரத்தையும் மாட்டி வையுங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது அவர்களுக்கே தெளிவாகிவிடுகிறது.

சத்தம். "ஓசையே இல்லாதது" என்று போட்டிருந்தார்கள். பகலில் கேட்காது, உண்மைதான். விடியற்காலை ஃபேனையும் அணைத்துவிட்ட அறையில் டிக் டிக் கேட்கத்தான் செய்கிறது. படுக்கையறையில் வைக்கிற பொருள் இல்லை. பீப் ஒலிக்கு இரண்டு அளவு இருக்கிறது, குறைந்ததே எங்களுக்குப் போதும்.

அப்புறம் இந்தத் திருட்டுத்தனம். குமிழைத் திரும்பத் திருகினால் சிவப்பு கூடும் என்பது சின்னவனுக்குத் தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை. நான் பின்னலில் மும்முரமாக இருக்கும்போது போய் ஐந்து நிமிஷம் சேர்த்துவிட்டு வந்து ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பான். பூட்டு வசதி எதுவும் இதில் கிடையாது. அதனால் அவன் திருகியதும் வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவின் மேல்பகுதியில் காந்தத்தால் ஒட்டிவிடுகிறேன், அவனுக்கு எட்டாது, ஆனால் கூடத்திலிருந்து தெரியும். பின்பக்கக் காந்தம் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் அந்தக் காந்தம் பிளாஸ்டிக்குக்கு உள்ளே பதிந்திருக்கிறதா, இல்லை பசையால் மேலே ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெயர்ந்து வருகிற சின்னக் காந்தங்களைப் பிள்ளைகள் விழுங்கினால் ஆபத்து, இரண்டு விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

பேட்டரி பற்றியும் இதே கண்டிப்போடு சொல்கிறேன். நம் கையில் புழங்குகிற ஏஏ பேட்டரி போடுகிற மாடலை வாங்குங்கள். இதைவிட மலிவாக, முட்டை வடிவத்திலும் பூனைக்குட்டி வடிவத்திலும் வருகிற சில டிஜிட்டல் டைமர்களில் பட்டன் பேட்டரி இருக்கிறது, மூடியை நகத்தாலேயே திறந்துவிடலாம். காசு மாதிரி வட்டமாக இருக்கிற லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது. இதை என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்ப்பது அவள் போட்ட நிபந்தனை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் ஆர்டர் போட்டேன்.

பேட்டரியே வேண்டாம் என்று சாவி கொடுக்கிற மாதிரி முறுக்குகிற டைமரும் கிடைக்கிறது. சமையலறைக்கு என்று விற்கிறார்களே, அதே வகைதான். அதில் உள்ளே சுருள்வில். முதலில் கடைசிவரை முறுக்கிவிட்டுப் பிறகு வேண்டிய நிமிஷத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். ஐந்து வயசுக் கைக்கு அந்த முறுக்கு வராது. பக்கத்து வீட்டில் இருக்கிறது, அதன் டிக் டிக் எங்கள் வீட்டுக்கே கேட்கும் என்று சொன்னால் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான் மிகை.

செல்போனில் டைமர் இருக்கிறதே, எதற்கு 700 ரூபாய் என்று கேட்பவர்கள் உண்டு. என் தம்பியே கேட்டான். போனை எடுத்து டைமர் வைத்துவிட்டு அப்படியே கீழே வைக்கிற மனஉறுதி உங்களுக்கு இருந்தால் நல்லது, எனக்கு இல்லை, வாட்ஸாப்பில் குடும்பக் குழுவின் காலை வணக்கங்களைத் தாண்டி என்னால் வர முடியாது. அதோடு காலையில் போன் வெளியே வந்தாலே சின்னவன் "ஒரே ஒரு வீடியோ" என்று ஆரம்பித்துவிடுவான். பேசுகிற ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் அதனிடம் சொல்லலாம், ஆனால் அதில் மிச்ச நேரம் கண்ணுக்குத் தெரியாது, "இன்னும் எவ்வளவு" என்று அதனிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அதற்குப் பதில் உங்களிடமே கேட்கலாம்.

ஆனால் ஒரு உண்மையைச் சொல்லாமல் இந்த டைமருக்கு மட்டும் புகழ்மாலை போட்டால் அது நியாயமாக இருக்காது. இது வேலை செய்வது முந்தின நாள் ராத்திரி வேலை முடிந்திருந்தால்தான். சிவப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒற்றை சாக்ஸைத் தேடுகிற வீட்டில் டைமர் இருப்பது பதற்றத்தைக் கூட்டும், வேறு ஒன்றும் செய்யாது. எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு பிளாஸ்டிக் கூடைகள் எடுத்து வைத்துவிடுவோம், ஆளுக்கு ஒன்று. சீருடை, பனியன் ஜட்டி, பெல்ட், சாக்ஸ், ரிப்பன், ஐடி கார்டு எல்லாம் அதில். டைரியில் கையெழுத்து அப்போதே. நாளைக்கு வெள்ளைச் சீருடையா கலர் சீருடையா, வெள்ளை ஷூவா கறுப்பா என்கிற சர்ச்சையும் அப்போதே. ஸ்நாக்ஸ் டப்பாவில் என்ன என்பதைக்கூட ராத்திரியே பேசித் தீர்த்துக்கொள்கிறோம், காலையில் அதற்கு மேல்முறையீடு கிடையாது. மாவு கரைத்து உப்புப் போட்டு வைப்பது அம்மாவின் இலாகா, அதில் நாங்கள் தலையிடுவதில்லை.

தூக்கமும் அப்படித்தான். மூன்றிலிருந்து ஐந்து வயது வரைக்கும் ஒரு நாளைக்குப் 10 முதல் 13 மணி நேரம் (பகல் தூக்கத்தையும் சேர்த்து), ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வெளியிட்ட பரிந்துரை. ஆறேகாலுக்கு எழுப்ப வேண்டிய ஐந்து வயதுப் பையன் பகலில் தூங்கவில்லை என்றால் எட்டேகாலுக்கு அவன் படுத்துத் தூங்கியிருக்க வேண்டும். எட்டேகாலுக்கு நம் வீடுகளில் டிவியில் என்ன ஓடிக்கொண்டிருக்கும், கூடத்தில் எத்தனை விளக்கு எரியும், வேலைக்குப் போன அப்பா எப்போது வந்து பிள்ளையைத் தூக்கிப் போட்டு விளையாடுவார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எங்களால் இன்னும் எட்டரைக்கு முன்னால் விளக்கை அணைக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கால்மணி அரைமணி முன்னே பின்னே போகிற நாட்களில், காலையில் டைமர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் வித்தியாசம் தெரிகிறது. தூக்கம் போதாத பிள்ளைக்குச் சிவப்பு வட்டு இன்னொரு எரிச்சல், அழ ஒரு காரணம்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் வேண்டாம், அவர்களுக்கு அது சுற்றுகிற சிவப்புப் பொம்மை. சில பிள்ளைகள் தேர்வு அறையில் உட்கார்ந்த மாதிரி பதறுவார்கள், மனைவியின் அக்கா மகள் அப்படி, சிவப்பு குறையக் குறையக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மாதிரிப் பிள்ளைக்கு இதைக் காட்டவே கூடாது, செய்ய வேண்டியவற்றைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டி ஒவ்வொன்றாக டிக் அடிக்க விடுவது நல்லது. பள்ளி நடை தூரத்தில் இருந்து, பத்து நிமிஷம் தாமதமானாலும் கேட் திறந்திருக்கும் என்றால் சும்மா இருங்கள், இந்தக் காசுக்கு ஒரு நல்ல எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கலாம். இரண்டு பிள்ளைகளைப் போட்டியில் விடவும் இதைப் பயன்படுத்தாதீர்கள். யார் முதலில் என்று ஆரம்பித்தால் தோற்றவர் அழுதுகொண்டேதான் வேன் ஏறுவார், சமாதானப்படுத்தும் வேலை வேன் அண்ணன் தலையில் விழும்.

நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் இதை வைத்தால் சீக்கிரம் சலித்துவிடும் என்பதையும் கவனித்தேன். ஆரம்பத்தில் குளியல், பால், படிப்பு, விளையாட்டு என்று எதற்கெடுத்தாலும் திருகிக்கொண்டிருந்தோம், கொஞ்ச நாளில் பீப் சத்தத்துக்கு யாரும் தலையே திருப்பவில்லை. இப்போது காலையில் கிளம்புகிற அந்தக் கால்மணிக்கும், சாயங்காலம் டிவிக்கும் மட்டும்தான். சனி ஞாயிறு ஃப்ரிட்ஜ் மேலேயே கிடக்கும், தொடக் கூடாது.

5-க்கு எத்தனை என்று கேட்டால் 3.5 கொடுப்பேன். வட்டு சிக்காமல் ஓடி, குமிழுக்கு ஒரு பூட்டும் இருந்திருந்தால் 4.5. இன்னொன்று வாங்கி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடலாமா என்று மனைவி கேட்டாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு டைமர் இருந்தால் "என்னுடையதில்தான் அதிகம் சிவப்பு இருக்கு" என்று ஒரு வழக்கு தினமும் என்னிடம் வரும். விலை விழாக்காலத் தள்ளுபடியில் 500 வரைக்கும் இறங்குவதைப் பார்த்தேன், ஜூன் மாதம் பள்ளி திறக்கிற நேரத்தில் ஏறிவிடுகிறது, அவசரம் இல்லாதவர்கள் அதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பேட்டரி வராது, தனியாக வாங்க வேண்டும்.